ஆள் இருப்பதை அறியும் வீடு: ஒரே ஒரு அறையில் தொடங்கும் முழுமையான வழிகாட்டி

அலுவலகக் கழிவறையில் உட்கார்ந்திருக்கும்போது பட்டென்று விளக்கு அணைந்து, இருட்டில் கையைத் தூக்கி ஆட்டிய அனுபவம் பலருக்கு இருக்கும். சுவரில் இருக்கும் சென்சார் கெட்டுப்போகவில்லை. அசைவு தெரிந்தால் விளக்கு, தெரியாவிட்டால் இருட்டு என்ற தன் வேலையைத்தான் அது செய்தது. ஒருவர் அசையாமல் உட்கார்ந்திருக்கலாம் என்பது அதன் கணக்கிலேயே கிடையாது.

ஸ்மார்ட் ஹோம் என்று கடையில் விற்பதில் பெரும்பகுதி இந்த ரகம். இல்லாவிட்டால் போனில் தட்டினால் ஃபேன் சுற்றும் ரகம். சுவரில் இருந்த சுவிட்ச் போனுக்குள் குடிபோய்விட்டது, அவ்வளவுதான். அறையில் ஆள் இருக்கிறாரா, விழித்திருக்கிறாரா, தூங்குகிறாரா என்பதைச் சூழலே உணர்ந்து, யாரும் கேட்காமல் பொருத்தமாக நடந்துகொள்வது வேறு சமாசாரம். சூழல் நுண்ணறிவு என்று சொல்வது அதைத்தான். அதில் கடினமான பகுதிகள் இரண்டு: அசையாமல் இருக்கும் ஆளைக் கண்டுபிடிப்பது, எப்போது ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்க வேண்டும் என்று முடிவெடுப்பது. மற்றதெல்லாம் ஒயரும் பொறுமையும்.

இந்த வழிகாட்டி நம் ஊர் வீட்டுக்கானது: சீலிங் ஃபேன், பல்லி, மே மாத வெயில், பவர் கட் எல்லாம் உள்ள வீடு. கேமரா கிடையாது. வீட்டுத் தகவல் வெளி சர்வருக்கும் போகாது. கொஞ்சம் கம்ப்யூட்டர் பழக்கமும், சால்டரிங் செய்யப் பயப்படாத கையும் போதும். 230 வோல்ட் லைனைத் தொடும் வேலை மட்டும் எலக்ட்ரீஷியனுடையது. அதில் விளையாட்டு வேண்டாம்.

## முன்கதை, சுருக்கமாக

1980களின் கடைசியில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், ஒலிவெட்டி ஆய்வகத்தில் ராய் வாண்டும் சகாக்களும் ஊழியர்கள் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜ் செய்தார்கள். 15 விநாடிக்கு ஒருமுறை அது அகச்சிவப்பில் தன் அடையாளத்தைச் சொல்லும். அறையில் உள்ள ரிசீவர் அதைப் பிடித்துக்கொள்ளும். யாருக்காவது போன் வந்தால் அவர் இருக்கும் அறைக்கே திருப்பிவிடலாம். அதே காலத்தில் கலிஃபோர்னியாவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் இருந்த மார்க் வைசர், கம்ப்யூட்டர் கண்ணில் படாமல் சுற்றுப்புறத்தில் கரைந்துவிட வேண்டும் என்று 1991இல் எழுதினார். சூழல் நுண்ணறிவின் ஆங்கிலப் பெயரான ஆம்பியன்ட் இன்டெலிஜென்ஸ் 1998இல் பிலிப்ஸ் நிறுவனத்துக்காக நடந்த ஒரு பயிலரங்கில் பிறந்தது. 2002இல் அந்த நிறுவனம் நெதர்லாந்தின் ஐந்தோவனில் ஹோம்லேப் என்று ஒரு சோதனை வீட்டையே கட்டியது.

நமக்கு இவர்கள் எல்லோரையும்விட நெருக்கமானவர் மைக்கேல் மோசர். கொலராடோவின் போல்டரில், தான் குடியிருந்த வீட்டையே 1990களில் நியூரல் நெட்வொர்க்கின், அதாவது அனுபவத்தில் கற்றுக்கொள்ளும் ஒரு மென்பொருளின், கையில் ஒப்படைத்தவர். அவருடைய வீடு மின்சாரம் மிச்சப்படுத்தப் பார்க்கும். விளக்கைக் கொஞ்சம் குறைத்துப் பார்க்கும். இருப்பவர் எரிச்சலாகி சுவிட்சைத் தொட்டால், அதைத் தனக்கு விழுந்த அபராதமாக எடுத்துக்கொண்டு கற்றுக்கொள்ளும். மனிதர் சுவிட்சைத் தொட்டால் வீடு எங்கோ தவறிவிட்டது என்று பொருள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஆறாவது படியில் தேவைப்படும்.

## படி 1: ஒரு அறை, ஒரு எரிச்சல்

வீடு முழுக்கச் செய்யலாம் என்று ஒரே நாளில் சென்சார்களை வாரி வாங்கி வைத்தவர்களின் அலமாரியில் அவை பிரிக்காமலே கிடக்கும். ஒரு அறையைத் தேர்ந்தெடுங்கள். அந்த அறையில் யாரையாவது தினமும் எரிச்சல்படுத்தும் ஒரு விஷயத்தை எழுதுங்கள். "பையன் ஃபேனை அணைக்காமல் ஸ்கூலுக்குப் போய்விடுகிறான்." "ராத்திரி பாத்ரூம் போக அப்பா இருட்டில் சுவரைத் தடவுகிறார்." இப்படி ஒரு வரி போதும்.

அப்புறம் சில நாள், அந்த அறைக்கு யார் எப்போது வருகிறார், எங்கே உட்காருகிறார், கதவு மூடுமா திறந்தே கிடக்குமா என்று ஒரு தாளில் குறியுங்கள். இந்தத் தாள் இல்லாமல் எழுதும் விதிகள் உங்களுடைய பழக்கத்துக்கு மட்டும் பொருந்தும். அதே அறையைப் பயன்படுத்தும் மற்றவர்களுக்குப் பொருந்தாது.

## படி 2: சென்சார்களின் குணம் அறிந்து வாங்குவது

பழைய நண்பன் பிஐஆர், அதாவது அகச்சிவப்பில் அசைவைப் பார்க்கும் சென்சார். மனித உடல் வெளிவிடும் வெப்பக் கதிரில், சுமார் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையிலான பகுதியில் ஏற்படும் மாற்றத்தை இது பார்க்கிறது. முன்னால் இருக்கும் வெள்ளை பிளாஸ்டிக் மூடி வெறும் மூடி அல்ல. அது பல துண்டுகளாகப் பிரிந்த லென்ஸ். சூடான ஒரு உருவம் ஒரு துண்டின் பார்வையில் இருந்து அடுத்த துண்டுக்குப் போகும்போது சிக்னல் எழும். அதனால் குறுக்கே நடப்பவர் உடனே தெரிவார். நேராக சென்சாரை நோக்கி வருபவர் தாமதமாகத் தெரிவார். உட்கார்ந்திருப்பவர் தெரியவே மாட்டார். கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவரும் தெரியமாட்டார், ஏனென்றால் ஜன்னல் கண்ணாடி இந்தக் கதிரை விடாது.

நம் ஊரில் இதற்கு இன்னும் இரண்டு சிக்கல். தோலின் வெப்பம் சுமார் 33, 34 டிகிரி. மே மாத மதியம் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையின் சுவரும் கிட்டத்தட்ட அதே சூட்டில் இருக்கும். ஆளுக்கும் சுவருக்கும் வித்தியாசம் இல்லாதபோது பிஐஆர் எதைப் பார்க்கும்? மார்கழியில் 7 மீட்டரில் பிடித்த அதே சென்சார் கத்திரி வெயிலில் பாதி தூரத்துக்கே திணறலாம். இரண்டாவது, பல்லி. தூரத்தில் ஓடும் பல்லியால் பிரச்சினை இல்லை; லென்ஸ் மீதே ஏறி உட்காரும் பல்லி, லென்ஸைப் பொறுத்தவரை ஒரு யானை. நடுராத்திரி ஹால் விளக்கு காரணமில்லாமல் எரிந்தால் பேயைத் தேடுவதற்கு முன் சென்சாரில் பல்லி எச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். டியூப்லைட்டுக்குப் பக்கத்தில் பிஐஆர் பொருத்தவே கூடாது. பூச்சி அங்கே வரும், பூச்சியைத் தேடிப் பல்லி வரும்.

புது நண்பன் ரேடார். 24 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் எல்டி2410 என்ற சின்ன போர்டு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இந்த அலையின் நீளம் சுமார் 12.5 மில்லிமீட்டர். மூச்சு விடும்போது மார்பு சில மில்லிமீட்டர் ஏறி இறங்கும் அல்லவா, அந்த அளவு அசைவே திரும்பி வரும் அலையில் மாற்றத்தை உண்டாக்கப் போதும். அதனால்தான் நாற்காலியில் அசையாமல் படிப்பவரையும், கட்டிலில் தூங்குபவரையும் இது பிடிக்கிறது. வெயிலும் குளிரும் இதற்கு ஒன்றுதான்.

ஆனால் ரேடாருக்கு சீலிங் ஃபேனும் உயிருள்ள ஜீவன் மாதிரிதான். காற்றில் ஆடும் திரையும், கொடியில் தொங்கும் ஈர வேட்டியும் அப்படியே. பிளைவுட், கண்ணாடி, ஜிப்சம் தடுப்பு இவற்றைத் தாண்டிப் பக்கத்து அறை ஆளையும் பார்த்துவிடும். செங்கல் சுவர் ஓரளவு காப்பாற்றும். ஆக, ஆளே இல்லாத அறையில் ஆள் இருப்பதாகச் சொல்வது ரேடாரின் குணம். இருக்கும் ஆளை இல்லை என்பது பிஐஆரின் குணம். இரண்டையும் சேர்த்துப் பூட்டினால் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும். விளக்கைப் போடுவதற்கு பிஐஆர், எரிய வைத்துக்கொண்டே இருப்பதற்கு ரேடார் என்பது நல்ல தொடக்கம்.

மூன்றாவது, விலை குறைந்தது, பலர் மறந்துவிடுவது: கதவில் ஒட்டும் காந்த சென்சார். காந்தம் அருகில் இருந்தால் மூடியது, விலகினால் திறந்தது. பொய் சொல்லத் தெரியாத சென்சார் என்றால் இதுதான். கூடவே, டிவியோ மிக்ஸியோ ஓடுகிறதா என்று மின்சாரத்தை அளந்து சொல்லும் பிளக் ஒன்று இருந்தால் நல்லது.

காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடை அளந்தும் ஆள் இருப்பதை ஊகிக்கலாம். வெளிக்காற்றில் சுமார் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு), மூடிய ஏசி அறையில் இரண்டு பேர் தூங்கினால் அது ஆயிரத்தைத் தாண்டி ஏறும். ஆனால் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். ஜன்னல் திறந்த வீட்டில் பயனில்லை. இப்போதைக்கு விடுங்கள்.

வைஃபை சிக்னல் மூலமே ஆளைக் கண்டுபிடிக்கும் ஆராய்ச்சியும் முன்னேறிவிட்டது. அமெரிக்காவின் எம்ஐடியில் டினா கட்டாபியின் குழு, சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் நடையையும் மூச்சையும் ரேடியோ அலையின் எதிரொலியில் இருந்து படித்துக் காட்டியிருக்கிறது. வைஃபை உணர்தலுக்கென்று 802.11பிஎஃப் என்ற தர விதியும் உருவாக்கப்பட்டிருக்கிறது. நாளைக்கு உங்கள் ரவுட்டரே இதைச் செய்யலாம். அந்தத் தகவல் யாரிடம் போகும் என்ற கேள்வியும் அன்றைக்குக் கூடவே வரும்.

## படி 3: வீட்டுக்குள்ளேயே ஒரு மூளை

ஒவ்வொரு கம்பெனி சாதனமும் தன் ஆப்புக்குள், தன் சர்வருக்குள் வாழ்ந்தால் அவை ஒன்றுக்கொன்று பேசாது. பாத்ரூம் விளக்கு எரிய, செய்தி வேறு நாட்டு சர்வருக்குப் போய்த் திரும்ப வேண்டிய அவசியமும் இல்லை. எல்லாச் சாதனங்களையும் வீட்டுக்குள்ளேயே இணைத்து இயக்கும் ஹோம் அசிஸ்டென்ட் என்ற இலவச மென்பொருள் 2013இல் பவுலஸ் ஷவுட்சன் தொடங்கியது. இன்று ஓப்பன் ஹோம் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பின் கீழ் இருக்கிறது. ராஸ்பெர்ரி பை 4 போன்ற சின்ன கம்ப்யூட்டரில் ஓடும். மெமரி கார்டு ஓயாமல் எழுதப்பட்டுச் சீக்கிரம் கெட்டுப்போகும் என்பதால் எஸ்எஸ்டி போட்டுக்கொள்ளுங்கள்.

பேட்டரி சென்சார்களுக்கு, குறைந்த மின்சாரத்தில் ஒயர் இல்லாமல் பேசும் ஜிக்பீ முறை சரியானது. ஒரு யூஎஸ்பி டாங்கிள் போதும். ஜிக்பீயும் வைஃபையும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் பாதையில் ஓடுவதால் முட்டிக்கொள்ளும். ரவுட்டரை 1ஆம் சேனலில் நிறுத்தி, ஜிக்பீயை 25ஆம் சேனலுக்கு மாற்றினால் சண்டை குறையும். டாங்கிளை நேரடியாகச் செருகாமல் ஒரு மீட்டர் யூஎஸ்பி நீட்டிப்பு ஒயரில் தள்ளி வையுங்கள். "சென்சார் அடிக்கடி காணாமல் போகிறது" என்ற புகார்களில் கணிசமானவை இந்த ஒயரில் தீர்ந்துவிடும். புதிதாக வாங்கும் சாதனங்களில் வெவ்வேறு கம்பெனி சாதனங்கள் ஒன்றோடொன்று பேச 2022 அக்டோபரில் வந்த மேட்டர் தர முத்திரை இருந்தால், கம்பெனி ஆப் இல்லாமலும் உள்ளூரிலேயே பேசும் வாய்ப்பு அதிகம்.

ரவுட்டர், ராஸ்பெர்ரி பை இரண்டையும் இன்வெர்ட்டர் லைனில் மாட்டுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு பவர் கட்டுக்கும் வீட்டுக்கு மயக்கம் வந்து தெளிய சில நிமிடம் பிடிக்கும்.

## படி 4: ரேடாரை ஒயர் செய்து, அளந்து, அடக்குவது

இந்தப் படிக்கு ஒரு சாயங்காலம் முழுக்க ஒதுக்குங்கள். அவசரப்பட்டால் பின்னால் மாதக்கணக்கில் கஷ்டப்பட வேண்டும்.

ஒரு ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள சின்ன கன்ட்ரோலர் போர்டு), ஒரு எல்டி2410, நாலு ஒயர். 5 வோல்ட்டுக்கு 5 வோல்ட், கிரவுண்டுக்கு கிரவுண்ட். தகவல் ஒயர்கள் மட்டும் குறுக்கே போக வேண்டும்: ஒன்றின் டிஎக்ஸ் (அனுப்பும் முனை) மற்றதின் ஆர்எக்ஸுக்கு (வாங்கும் முனை). ஈஎஸ்பி32ஐ ஹோம் அசிஸ்டென்டோடு இணைக்கும் ஈஎஸ்பிஹோம் மென்பொருளில் எல்டி2410க்கான பகுதி தயாராகவே இருக்கிறது. சீரியல் வேகத்தை 2,56,000 என்று கொடுங்கள். வழக்கமான 9,600 அல்லது 1,15,200 போட்டால் ஒன்றும் வராது. இந்த போர்டின் சில ரகங்களில் ப்ளூடூத் உண்டு, எல்லோருக்கும் தெரிந்த ஒரே தொழிற்சாலைப் பாஸ்வேர்டுடன். அமைத்து முடித்ததும் ப்ளூடூத்தை அணையுங்கள், குறைந்தபட்சம் பாஸ்வேர்டையாவது மாற்றுங்கள்.

எங்கே பொருத்துவது? சுவரில், சுமார் 1 முதல் 1.5 மீட்டர் உயரத்தில், அறையில் பெரும்பாலும் ஆட்கள் உட்காரும் இடத்தைப் பார்த்து. இதன் பார்வை இரு பக்கமும் 60 டிகிரி விரியும். முகத்தைக் கொஞ்சம் கீழே சாய்த்தால் ஃபேன் பார்வையின் ஓரத்துக்குப் போகும். வாசலுக்கு நேர் எதிரே வைத்தால் ஹாலில் நடப்பவரையும் எண்ணும். வாசல் இருக்கும் சுவரிலேயே உள்நோக்கி வைப்பது மேல்.

இனி அளவீடு. இந்த ரேடார் தன் முன்னால் உள்ள தூரத்தை 0.75 மீட்டர் துண்டுகளாக வெட்டிப் பார்க்கும். ஒவ்வொரு துண்டும் ஒரு கேட். 0ஆம் கேட் முதல் 8ஆம் கேட் வரை. ஒவ்வொன்றிலும் எவ்வளவு அசைவு, எவ்வளவு அசையாத இருப்பு என்று 0 முதல் 100 வரை ஒரு எண் கொடுக்கும். இன்ஜினியரிங் மோடை இயக்கினால் எல்லா எண்களும் திரையில் ஓடும்.

அறையைக் காலி செய்து கதவைச் சாத்துங்கள். ஃபேன் அணைந்த நிலையில் எண்களைக் குறியுங்கள். பிறகு ஃபேனை 1இல் வையுங்கள், சில நிமிடம் பாருங்கள், 2, 3 என்று ஏற்றிக்கொண்டே போங்கள். உதாரணத்துக்கு, சென்சார் 1.2 மீட்டர் உயரத்தில், ஃபேன் 2.6 மீட்டர் உயரத்தில், தரையளவில் இடைவெளி 1.8 மீட்டர் என்றால், சென்சாரில் இருந்து ஃபேனுக்குச் சாய்வாக உள்ள தூரம் சுமார் 2.3 மீட்டர். அது 3ஆம் கேட்டில் விழும். ஃபேன் ஓடும்போது அந்தக் கேட்டில் மட்டும் எண் எகிறுவது கண்ணுக்கே தெரியும். அதில் கண்ட உச்ச எண்ணைவிடப் பத்துப் புள்ளி அதிகமாக அந்தக் கேட்டின் வரம்பை வையுங்கள்; எண் வரம்பைத் தாண்டினால்தான் ரேடார் ஆள் என்று எண்ணும். மற்ற கேட்களின் வரம்பை ஏற்றாமல் விட்டுவிடுங்கள். கட்டில் 4ஆம் கேட்டில் இருந்தால் அங்கே அசையாத இருப்புக்கான வரம்பைத் தாழ்வாக வைக்க வேண்டும்; தூங்குபவரின் மூச்சு அங்கேதான் தெரியப்போகிறது. எதிர்ச்சுவருக்கு அப்பால் உள்ள கேட்களை முழுவதும் அணைத்துவிடலாம்.

ஃபேனும் கட்டிலும் ஒரே கேட்டில் மாட்டிக்கொண்டால்? வரம்போடு மல்லுக்கட்டாதீர்கள், சென்சாரின் இடத்தை மாற்றுங்கள். கட்டிலின் தலைமாட்டுப் பக்கம், ஒரு மீட்டர் தூரத்துக்குள் வைத்தால் ஆள் 1ஆம் கேட்டில், ஃபேன் 3ஆம் கேட்டில் என்று பிரிந்துவிடும்.

எல்லாம் முடிந்ததும் கட்டிலில் படுத்து, கொசுவலையைப் போட்டு, பத்து நிமிடம் அசையாமல் இருங்கள். பக்கத்தில் வேறு யாராவது திரையைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். அறிவியலின் பெயரால் மத்தியானம் படுத்துக்கிடக்க இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

## படி 5: சிக்னலில் இருந்து நிலைக்கு

சென்சார் சொன்னதும் விளக்கு என்று நேரடியாக முடிச்சுப் போடாதீர்கள். நடுவே ஒரு அடுக்கு வையுங்கள்: அறையின் நிலை. "காலி", "ஆள் இருக்கிறார்", "தூக்கம்" என்று மூன்று போதும். சென்சார்கள் நிலையை மாற்றும். விளக்கும் ஃபேனும் நிலையை மட்டும் பார்க்கும். நாளைக்கு ஒரு சென்சாரை மாற்றினாலும் விதிகள் அப்படியே நிற்கும்.

பாத்ரூமுக்கு ரேடாரே தேவையில்லை. கதவு மூடியது, மூடிய பின் உள்ளே ஒரு அசைவு தெரிந்தது. அப்படியானால் கதவு மறுபடி திறக்கும் வரை ஆள் உள்ளேதான் இருக்கிறார், வேறு வழியே இல்லை. அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தாலும் விளக்கு அணையாது. பெட்டிக்குள் குளவி என்று இந்த உத்திக்கு ஒரு செல்லப்பெயர் உண்டு. ஒரு காந்த சென்சார், ஒரு பிஐஆர், மூன்று வரி விதி. கதவைத் திறந்துவைத்தே குளிக்கவைக்கப்படும் குழந்தைகள் உள்ள வீட்டில் மட்டும், கதவு திறந்திருந்தால் சாதாரண நேரக்கணக்குக்குத் திரும்பும்படி எழுதுங்கள்.

"தூக்கம்" என்ற நிலையை எந்த ஒரு சென்சாரும் தனியாகச் சொல்லாது. இங்கே ஹோம் அசிஸ்டென்டில் உள்ள பேயசியன் சென்சார் உதவும்; பல சாட்சிகளைச் சேர்த்து ஒரு நிகழ்தகவைச் சொல்வது அதன் வேலை. கணக்கு பயமுறுத்தாது. ஒருவர் நாளுக்கு 8 மணி நேரம் தூங்குகிறார் என்றால், எந்தக் கணத்திலும் தூக்கத்துக்கும் விழிப்புக்கும் உள்ள விகிதம் 1க்கு 2. கட்டில் தூரத்தில் அசையாத ஆள் என்று ரேடார் சொல்கிறது. தூங்கும்போது இது 90 சதவீத நேரம் உண்மை, மற்ற நேரத்தில் 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 9 மடங்கு. விகிதம் 9க்கு 2 ஆகிறது, அதாவது 82 சதவீதம். ஹால் விளக்கு அணைந்திருக்கிறது; தூக்கத்தில் 95 சதவீதம், விழிப்பில் 40, இது சுமார் 2.4 மடங்கு. 91 சதவீதம் ஆயிற்று. போன் சார்ஜில் இருக்கிறது. தூக்கத்தில் 80, விழிப்பில் 20, 4 மடங்கு. கிட்டத்தட்ட 98 சதவீதம். 95ஐத் தாண்டினால் தூக்கம் என்று வரம்பு வைத்தால், மூன்று சாட்சியும் ஒத்துப்போனால்தான் வீடு நம்பும்.

ஒரு எச்சரிக்கை: சாட்சிகள் ஒன்றையொன்று சாராதவையாக இருக்க வேண்டும். ஹால் விளக்கு அணைவது, ஹால் டிவி அணைவது இரண்டையும் தனித்தனியாகச் சேர்த்தால், ஒரே சாட்சி சட்டை மாற்றிக்கொண்டு வந்து இரண்டு முறை சொன்ன கதைதான். சதவீதம் ஏறும், உண்மை ஏறாது.

யார் இருக்கிறார் என்று கண்டுபிடிக்க வேண்டுமா? போனின் ப்ளூடூத்தை வைத்து அறை வரை கண்டுபிடிக்கும் வழிகள் இருக்கின்றன. நான் பரிந்துரைக்க மாட்டேன். நம் வீட்டுப் பெரியவர்களின் போன் பெரும்பாலும் டிவி ஸ்டாண்டில் இருக்கும், அவர்கள் கொல்லைப்புறத்தில் இருப்பார்கள். ஊரில் இருந்து வந்த அத்தையின் போன் சிஸ்டத்திலேயே இருக்காது. அவர் ஹாலில் உட்கார்ந்திருக்கும்போது "வீட்டில் யாரும் இல்லை" என்று ஃபேன் நின்றால் அந்தப் பேச்சு அடுத்த கல்யாணம் வரை ஓடும். யாரோ ஒருவர் இருக்கிறார் என்பதே பெரும்பாலான வேலைக்குப் போதும்.

## படி 6: விதிகள், குறிப்பாகச் சும்மா இருக்கும் விதி

தவறின் விலை எல்லாவற்றுக்கும் ஒன்றல்ல. ஆள் இருக்கும்போது விளக்கு அணைந்தால் எரிச்சல். மே மாத ராத்திரி 2 மணிக்குத் தூங்குபவரின் ஃபேன் நின்றால் மன்னிப்பே கிடையாது. மறுநாள் உங்கள் பெட்டிகள் எல்லாம் கழற்றப்பட்டுவிடும். அதனால் ஒவ்வொன்றுக்கும் தனிப் பொறுமை கொடுங்கள். அறை காலியான பின் விளக்குக்கு 2 நிமிடம், ஃபேனுக்கு 10, ஏசிக்கு 20. "தூக்கம்" நிலையில் ஃபேனை வீடு தொடவே கூடாது. மிச்சம் போய்விடுமே என்று கவலைப்பட வேண்டாம்: 75 வாட் ஃபேன் காலி அறையில் 10 நிமிடம் சுற்றினால் ஆகும் செலவு 0.0125 யூனிட். அப்படி 80 முறை நடந்தால்தான் ஒரு யூனிட் வரும்.

சுவர் சுவிட்ச் எப்போதும் வேலை செய்ய வேண்டும். ரிலே மாட்யூலை, அதாவது வீட்டு மூளை சொன்னபடி மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் சின்னப் பெட்டியை, சுவிட்ச் பாக்ஸுக்குள், இருக்கும் சுவிட்சுக்குப் பின்னால் பொருத்தச் சொல்லுங்கள். பெரும்பாலான ரிலேக்களுக்கு நியூட்ரல் ஒயர் வேண்டும். பிளக் பாயின்ட் உள்ள போர்டில் நியூட்ரல் நிச்சயம் இருக்கும், வெறும் சுவிட்ச் மட்டும் உள்ள போர்டில் இல்லாமலும் போகலாம். ஃபேனுக்கு ரிலே என்றால் ரெகுலேட்டரைத் தாண்டிப் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ரிமோட் உள்ள பிஎல்டிசி (குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார்) ஃபேன் என்றால் ரிலேயே வேண்டாம், வைஃபை ரகம் வாங்கினால் நேரடியாகப் பேசலாம்.

இப்போது மோசரின் வீட்டுக்கு வருவோம். யாராவது கையால் சுவிட்சைப் போட்டாலோ அணைத்தாலோ, அந்த அறையில் தானியங்கி விதிகள் எல்லாம், அறை காலியாகும் வரை வாயை மூடிக்கொள்ள வேண்டும். மதியம் இருட்டில் படுத்திருக்கத்தான் ஒருவர் விளக்கை அணைத்தார். அவர் புரண்டு படுத்ததும் வீடு மறுபடி விளக்கைப் போட்டால் அது நுண்ணறிவு இல்லை, அடம். கையால் மாற்றிய சம்பவங்களை ஒரு எண்ணியில் சேர்த்துவையுங்கள். வாரத்துக்கு வாரம் அந்த எண் குறைந்தால் விதிகள் சரியான பாதையில் போகின்றன.

பவர் கட் முடிந்து கரன்ட் வந்ததும் ரிலேக்கள் எந்த நிலைக்குப் போக வேண்டும் என்று ஒரு அமைப்பு இருக்கும். விளக்குக்கு "அணைந்த நிலை", ஃபேனுக்கு "முன்பு இருந்த நிலை". இதை விட்டால், அதிகாலை 3 மணிக்கு கரன்ட் வரும்போது வீட்டு விளக்கெல்லாம் ஒன்றாக எரியும்.

விதிகளை எழுதியதும் உடனே இயக்க வேண்டாம். முதல் வாரம் "இந்த நேரத்தில் ஃபேனை அணைத்திருப்பேன்" என்று பதிவு மட்டும் செய்யட்டும். பதிவைப் படித்தாலே பாதித் தவறு அகப்பட்டுவிடும்.

## படி 7: தனியாக இருக்கும் அம்மா அப்பாவுக்காக

பலர் இந்த வேலையில் இறங்குவதே இதற்காகத்தான்: பிள்ளைகள் சென்னையிலோ துபாயிலோ, பெற்றோர் ஊரில். அமெரிக்காவின் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் டயான் குக்கின் குழு, அசைவு சென்சார்களும் கதவு சென்சார்களும் மட்டுமே கொண்டு சமைப்பது, தூங்குவது, மருந்து எடுப்பது போன்ற அன்றாட வேலைகளை அடையாளம் காண முடியும் என்று பல வீடுகளில் காட்டியிருக்கிறது. கேமரா இல்லாமலே இவ்வளவு முடியும்.

நீங்கள் இயந்திரக் கற்றல் வரை போக வேண்டியதில்லை. ஃபிரிட்ஜ் கதவு, வாசல் கதவு, சமையலறை பிஐஆர், பாத்ரூம் கதவு, இந்த நான்கும் போதும். சில வாரப் பதிவைப் பாருங்கள். அம்மா காலை 5:30 முதல் 6:15க்குள் ஃபிரிட்ஜைத் திறந்து பால் எடுக்கிறார் என்று தெரிந்தால், 7:30 வரை நான்கிலும் எந்தச் சலனமும் இல்லாவிட்டால் உங்களுக்கு ஒரு செய்தி. நீங்கள் அம்மாவுக்கு போன் செய்யுங்கள். எடுக்கவில்லை என்றால் பக்கத்து வீட்டுக்காரருக்கு. இந்த வரிசையை முன்கூட்டியே பேசி முடிவு செய்துவையுங்கள். பாத்ரூமில் படி 5இல் சொன்ன பிஐஆரும் இருந்தால், உள்ளே ஆள் போய் 45 நிமிடம் ஆகியும் கதவு திறக்கவில்லை என்றால் அது தனிச் செய்தி, இன்னும் அவசரமானது.

இதில் எல்லோரும் கோட்டை விடும் இடம் ஒன்று: ஆள் அசையவில்லை என்பதும் சென்சார் பேசவில்லை என்பதும் வேறு. பேட்டரி தீர்ந்தாலும் சலனம் இருக்காது. ஒவ்வொரு சென்சாரும் கடைசியாக எப்போது பேசியது என்பதைத் தனியாகக் கண்காணியுங்கள்; "தொடர்பு இல்லை" என்ற நிலையை "அசைவு இல்லை" என்று விதி எடுத்துக்கொள்ளக் கூடாது. வீட்டு மூளையே நின்றுபோனால் எந்தச் செய்தியும் வராது, எல்லாம் நலம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அதனால் தினமும் காலை 7 மணிக்கு "வீடு இயங்குகிறது" என்று ஒரு செய்தி வரட்டும். அது வராத நாளில் நீங்களே போன் போடுங்கள்.

கீழே விழுந்தால் கண்டுபிடிக்கும் 60 கிகாஹெர்ட்ஸ் ரேடார்களும் விற்பனைக்கு உண்டு. கூடுதல் காவலாக வைக்கலாம். அதை மட்டும் நம்பி, பார்த்துக்கொள்ள வரும் ஆளை நிறுத்துவது தப்பு.

## படி 8: சம்மதமும் சாவியும்

"இந்த டப்பா என்னைப் பார்த்துக்கிட்டே இருக்கா?" என்று பாட்டி கேட்டால், "ஆமாம் பாட்டி, நீங்க இருக்கீங்களான்னு பார்க்கும், என்ன செய்றீங்கன்னு தெரியாது" என்று உள்ளதைச் சொல்லுங்கள். திரையையும் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அந்த அறைக்கு வேண்டாம், அவ்வளவுதான். வீட்டு வேலைக்கு வருபவருக்கும் சொல்லுங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிமனிதர் சொந்த அல்லது வீட்டு உபயோகத்துக்காகக் கையாளும் தகவலுக்குப் பொருந்தாது. சட்டம் கேட்காது என்பதால் மருமகள் கேட்க மாட்டார் என்று அர்த்தமில்லை. யார் எத்தனை மணிக்குக் குளித்தார், எப்போது எழுந்தார் என்பதெல்லாம் இந்தப் பதிவில் இருக்கும். அதை வைத்து யாரிடமும் கணக்குக் கேட்காதீர்கள்.

ஹோம் அசிஸ்டென்ட் இயல்பாக 10 நாள் பதிவை வைத்திருக்கும். படுக்கையறை, பாத்ரூம் சென்சார்களின் வரலாற்றைப் பதிவில் இருந்தே விலக்கிவிடலாம். விதிகளுக்கு அப்போதைய நிலை மட்டும்தான் தேவை. பெற்றோர் வீட்டில், காலை வழக்கம் தெரிந்த பிறகு அதையே செய்யுங்கள். வெளியில் இருந்து பார்க்க வேண்டுமென்றால் ரவுட்டரில் போர்ட் (வெளியில் இருந்து நுழையும் வழி) திறக்காமல், பூட்டிய தனிப்பாதையான விபிஎன் வழியாக வாருங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள்.

விருந்தாளி வந்தால் போடுவதற்கு ஹால் சுவரில் ஒரு ஜிக்பீ பொத்தான் வையுங்கள். ஒரு அமுக்கு: எல்லாத் தானியங்கி விதிகளும் ஓய்வு, வீடு பழைய சுவிட்ச் வீடாக மாறும். மறு அமுக்கு: திரும்ப வேலைக்கு. கடைசியாக, எந்த ரிலே எந்த போர்டுக்குள் இருக்கிறது, எந்த எம்சிபியை இறக்கினால் எது நிற்கும், ராஸ்பெர்ரி பை எங்கே இருக்கிறது, பாஸ்வேர்டு என்ன, எல்லாவற்றையும் தமிழில் ஒரு தாளில் எழுதி, வீட்டில் இன்னொருவரிடம் கொடுத்துவையுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் எலக்ட்ரீஷியன் வந்து நின்றால், அவர் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான்.